போனைக் காதில் வைத்து நான் கதைப்பது யாருக்கும் கேட்காத 13 நாட்கள்

இலங்கையின் வடக்கே, விசுவமடுவில் எங்கள் ஒழுங்கை பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. கிரவல் கரைந்து போய், மதகின் கொங்கிரீட் விளிம்பு ரோட்டை விட நான்கு விரல் உயரமாக நிற்கும். 2024 ஆவணியில், சோளகக் காற்று புழுதியை அள்ளி அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், தைத்து முடித்த உடுப்புகளைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். போன் முன்கூடையில் கிடந்தது. மதகில் சில்லு ஏறி இறங்கிய குலுக்கத்தில் அது துள்ளி வெளியே போய் விழுந்தது. கீழ்ப்பக்கம், சார்ஜர் குத்துகிற பக்கம், கல்லில் பட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். டிஸ்பிளேயில் ஒரு கீறல் இல்லை. மூலையில் கொஞ்சம் பெயின்ட் உரிந்திருந்தது, கீழே உள்ள சின்னத் துளைகளில் செம்மண் அப்பியிருந்தது, அவ்வளவுதான். கண்ணாடி உடையவில்லை என்ற நிம்மதியில் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. போன் விழுந்தால் எல்லோரும் கண்ணாடியைத்தான் பார்க்கிறோம். அந்த இடத்திலேயே யாருக்காவது ஒரு அழைப்பு எடுத்துக் கதைத்துப் பார்த்திருந்தால், பிறகு நடந்ததில் பாதி நடந்திருக்காது.

நான் வீட்டில் இருந்து தைக்கிறவள். கடைப் பலகை இல்லை, விளம்பரம் இல்லை, எனக்கு வரும் வேலை முழுக்கப் போனில்தான் வரும். ஆவணி கலியாண மாதம், வருடத்தில் நாலு காசு கூடப் பார்க்கிற காலம். விழுந்த அன்று இரவே தருமபுரத்தில் இருந்து ஒரு அம்மா எடுத்தார். மகளின் கலியாணத்துக்கு ஏழு பிளவுஸ் தைக்க வேண்டும் என்று முதல் கிழமையே சொல்லி வைத்திருந்தவர். "ஹலோ, தங்கச்சி, ஹலோ" என்று அவர் கூப்பிடுவது பக்கத்தில் நின்று கதைப்பது போல எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்று நான் கத்தினேன். "ஹலோ... ஆரும் கதைக்கினம் இல்லை" என்று பக்கத்தில் நின்ற யாருக்கோ சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். மூன்று தரம் இப்படி நடந்தது.

எங்கள் பக்கத்தில் போனில் எது பிழைத்தாலும் முதல் பழி சிக்னலுக்குத்தான் போகும். நானும் அதையே நினைத்தேன். கிணற்றுக்கட்டில் ஏறி நின்று பார்த்தேன், வேப்பமரத்தடிக்குப் போனேன், படலைக்கு வெளியே ரோட்டில் நின்றும் கத்தினேன். இப்படியே இரண்டு நாள் போனது. இதைப் படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் பிழை என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் விட்டுவிட்டுக் கேட்கும், குரல் உடையும், அழைப்பே அறுந்து போகும். மற்றவர் கதைப்பது உங்களுக்கு மணி மாதிரிக் கேட்டு, நீங்கள் கதைப்பது மட்டும் எந்த இடத்தில் நின்றாலும், யாருக்கு எடுத்தாலும் போகவில்லை என்றால், மரத்தடிக்கு ஓட வேண்டாம். பிழை உங்கள் கையில் உள்ள போனில் இருக்கிறது, மைக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த அம்மா வைத்திருப்பது பட்டன் போன். நான் அனுப்பிய எஸ்எம்எஸ்ஸைப் பேரப்பிள்ளை வாசித்துச் சொல்லவில்லைப் போலும். மூன்றாம் நாள் சந்தையில் ஒருவர் வழியாக எனக்குச் செய்தி வந்தது. "போனை எடுத்துப்போட்டுக் கதைக்காமல் இருக்கிறாள், விருப்பம் இல்லாட்டிச் சொல்லலாம்தானே" என்று சொல்லி, அவர் துணியை வேறு இடத்தில் கொடுத்துவிட்டாராம். ஒரு பிளவுஸ் 1,300 ரூபா, ஏழும் போனதில் 9,100 ரூபா. காசை விட அந்தச் சொல்தான் என்னைக் குடைந்தது. அன்று முழுக்க மெஷினில் இருக்க மனம் வரவில்லை. தருமபுரம் எங்களுக்குத் தூர இடமில்லை. முதல் நாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போய் "அக்கா, என்ரை போன் விழுந்திட்டுது" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உங்கள் பிழைப்பு போனில் ஓடுகிறது என்றால், மைக் போன அன்றே, திருத்துவதைப் பற்றி யோசிக்க முதல், முக்கியமான நாலைந்து பேருக்கு யாருடைய போனிலாவது எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

மைக்தான் பிழை என்று புரிந்ததும் நான் செய்த முதல் வேலை இன்னும் என்னை உறுத்துகிறது. தையல்காரியின் கைக்கு எட்டுவது ஊசிதானே. கீழ்த் துளைக்குள் மண் தெரிகிறது, கிண்டி எடுத்தால் சரி என்று நினைத்து, மணி கோர்க்கிற மெல்லிய ஊசியை எடுத்து உள்ளே விட்டேன். முதலில் ஏதோ மெத்தென்று தட்டியது. கொஞ்சம் அழுத்தினேன், சட்டென்று வழி விட்டது. மண் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். அது மண் இல்லை. அந்தத் துளைக்குள் தூசி போகாமல் தடுக்க மெல்லிய வலை ஒன்று இருக்கும், அதற்குப் பின்னால் மைக்கின் சவ்வு. அந்தச் சவ்வு அதிர்ந்தால்தான் குரல் மின்சாரமாக மாறும். ஊசியோ, சிம் கழற்றுகிற கம்பியோ உள்ளே போனால் இரண்டும் கிழியும். சிம் கழற்றும் துளையும் மைக் துளையும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். சிம் தட்டின் விளிம்புக் கோடு பக்கத்தில் இருந்தால் அது சிம் துளை, தனியாகச் சிறிதாக இருந்தால் அது மைக். சில போன்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கும், அங்கே இன்னும் கவனம் வேண்டும். மண்ணை எடுக்க வேண்டுமென்றால் காய்ந்த, மெத்தென்ற பல் தூரிகை போதும். துளை நிலத்தைப் பார்க்கும்படி போனைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தட்டித் தட்டித் துலக்குங்கள், மண் தானாகக் கீழே விழும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். சைக்கிள் கடையில் காற்று அடிக்கிற குழாயைப் பிடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்த வேகமே சவ்வைக் கிழிக்கப் போதும்.

எப்படிச் சோதிப்பது என்பதை நான் கடைசியாகத்தான் கற்றேன், உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனைத் திறக்கத் தேவையில்லை, வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் இருந்தால் போதும். இப்போதைய போன்களில் மைக் ஒன்று அல்ல, பெரும்பாலும் இரண்டு. ஒன்று கீழே, சார்ஜர் துளைக்குப் பக்கத்தில். காதில் வைத்துக் கதைக்கும்போது வாய்க்குக் கிட்ட வருவது அதுதான். மற்றது மேல் விளிம்பில், சுற்றியுள்ள இரைச்சலைப் பிரித்துக் குறைப்பதற்கு. சிலவற்றில் பின் கமராவுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. முதலில் புளூடூத்தை நிற்பாட்டுங்கள். பக்கத்து வீட்டு ஸ்பீக்கரோடு போன் பிடித்துக்கொண்டு நின்றாலும் இதே கோளாறு போலத் தெரியும். கவரையும் கழற்றிவிடுங்கள். அப்புறம் குரல் பதியும் ரெக்கோடரில் பத்து விநாடி கதைத்துக் கேளுங்கள். கமராவில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒவ்வொரு சின்ன வீடியோ எடுத்துக் கேளுங்கள். பிறகு வீட்டில் ஒருவருக்கு அழைத்து, முதலில் காதில் வைத்துக் கதையுங்கள், அடுத்து ஸ்பீக்கரைப் போட்டுக் கதையுங்கள். எது எந்த மைக்கை எடுக்கும் என்பது போனுக்குப் போன் மாறும். ஆனால் ஒன்றில் குரல் வந்து மற்றதில் வராவிட்டால், ஒரு மைக் நல்லாயிருக்கிறது, மற்றதுதான் போயிருக்கிறது என்று பிடித்துவிடலாம். எனக்கு ஸ்பீக்கரில் போட்டால் மற்றவருக்கு நல்லாய்க் கேட்டது, காதில் வைத்தால் ஒன்றுமே போகவில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. ரெக்கோடர் ஓடிக்கொண்டிருக்கும்போது விரல் நுனியால் ஒவ்வொரு துளைக்கும் மேலே மெதுவாகத் தட்டிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். உயிருள்ள மைக்கில் தட்டியது இடிபோலக் கேட்கும், செத்ததில் எதுவும் இராது. ரெட்மி போன்களில் அழைக்கும் இடத்தில் *#*#6484#*#* என்று அடித்தால் சோதனைப் பட்டியல் திறக்கும், சாம்சுங்கில் சாம்சுங் மெம்பர்ஸ் செயலிக்குள் மைக் சோதனை இருக்கிறது.

குரல் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதையும் மற்றவரிடம் கேட்டு வையுங்கள். தண்ணிக்குள் இருந்து கதைப்பது போல மங்கலாகப் போகிறது என்றால் துளை அடைபட்டிருக்கலாம். போனை அழுத்தினால் வந்து, விட்டால் போகிறது என்றால் உள்ளே எங்கோ தொடுப்பு தளர்ந்திருக்கலாம். வட்ஸ்அப்பில் மட்டும் போகவில்லை, சாதாரண அழைப்பில் போகிறது என்றால் மைக் நல்லது, செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மைக் அனுமதி இல்லாமல் போயிருக்கும். அண்ட்ரொய்ட் 12இல் இருந்து மேலிருந்து இழுக்கிற பட்டியலில் மைக்கை மொத்தமாக மூடுகிற ஒரு பொத்தானும் வந்திருக்கிறது. பிள்ளைகள் கை பட்டு அது மூடிக் கிடந்தாலும் செயலிகளுக்கு உங்கள் குரல் போகாது. ஹாண்ட்ஸ்ஃப்ரீ (மைக் உள்ள வயர் ஹெட்போன்) எதுவும் குத்தாமலே டிஸ்பிளேயில் மேலே ஹெட்போன் படம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஹெட்போன் குத்துகிற துளைக்குள் மண்ணோ ஈரமோ போனால், ஹெட்போன் குத்தியிருக்கிறது என்று போன் நினைத்துக்கொண்டு தன் மைக்கை நிற்பாட்டிவிடும். இதில் ஒன்றாக இருந்தால் கடைக்கே போகத் தேவையில்லை.

இது எதுவும் தெரியாமல்தான் நான் நாலாம் நாள் ஒரு கடைக்குப் போனேன். ஊர், பெயர் வேண்டாம். அங்கே நின்ற தம்பி போனை வாங்கி ஒரு தரம் ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, "சொஃப்ட்வெயார் பிழை அக்கா, அடிச்சு விட்டாச் சரி, 1,500" என்றான். "படங்கள் போகுமோ தம்பி?" என்று கேட்டேன். "ஒண்டும் போகாது" என்றான். ஒரு மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். திரும்பி வந்த போன் புதிதாக வாங்கிய போன் மாதிரி இருந்தது. மொழி எது என்று கேட்டது, பெயர் என்ன என்று கேட்டது. படங்கள் இல்லை, அளவு எழுதி வைத்த குறிப்புகள் இல்லை, வட்ஸ்அப் வெறுமையாக இருந்தது. மைக் அப்படியேதான் இருந்தது.

அப்பா மோசம் போய் அப்போது இரண்டு வருடம். அவருக்கு எழுத்து அடிக்க வராது, எல்லாம் குரலில்தான் அனுப்புவார். "பிள்ளை, சங்கக்கடைப் பக்கம் போனா வெத்திலை வாங்கிக்கொண்டு வா, காசு நான் தாறன்." இப்படிச் சின்னச் சின்னதாக நூற்றுக்கு மேல் இருந்திருக்கும். கதைத்து முடிந்தாலும் விரலை எடுக்கமாட்டார். கோழி கொக்கரிப்பதும், பனை ஓலை காற்றில் உரசுவதும், அவர் ஒருமுறை செருமுவதும் கடைசிப் பத்து விநாடி சும்மா ஓடும். அவர் போன பிறகு நான் அதிகம் கேட்டது அந்தப் பத்து விநாடிகளைத்தான். இரவில் மெஷினை மூடிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு ஒன்றைக் கேட்டால் நித்திரை வரும். அது எல்லாவற்றையும் 1,500 ரூபா கொடுத்து அழிப்பித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று பஸ் தரிப்பில் நின்றபோதுதான் முழுதாக விளங்கியது. அங்கேயே அழுதேன். யார் பார்த்தார்கள் என்று தெரியாது.

உங்கள் போனிலும் இப்படி ஏதாவது இருக்கும். போன் நல்லாயிருக்கும்போதே, இன்றைக்கே, வட்ஸ்அப் செட்டிங்ஸில் சட் என்ற பக்கத்துக்குள் போய், செய்திகளைப் பிரதி எடுத்து வைக்கிற 'பக்கப்' என்பதைத் திறந்து பாருங்கள். எனக்கு அது அணைத்துக் கிடந்தது, டேட்டா முடிந்துவிடும் என்று நானே அணைத்திருந்தேன். கூகிள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்துக்குள் அது ஏறும். டேட்டா கவலை என்றால் வைஃபை உள்ள ஒரு வீட்டில் கிழமைக்கு ஒருக்கால் ஏற்றலாம். அதுவும் வேண்டாம் என்றால், குரல் பதிவுகள் போனின் நினைவகத்தில் வட்ஸ்அப் வொய்ஸ் நோட்ஸ் என்ற கோப்புறையில் இருக்கின்றன, அதை அப்படியே மெமரி காட்டுக்கோ கொம்பியூட்டருக்கோ பிரதி எடுக்கலாம். எந்தக் கடைக்காரர் "சொஃப்ட்வெயார் அடிக்க வேணும்" என்றாலும், எல்லாம் அழியும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அவர் என்ன சொன்னாலும் சரி. இப்படி எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிது போல ஆக்குவதைத்தான் ரீசெட் என்கிறார்கள், விழுந்து பழுதான மைக்கை அது திருத்தாது. விழுந்த நிமிடத்தில் இருந்து கோளாறு தொடங்கியது என்றால் அது உடைந்த சாமான், அதற்கு சொஃப்ட்வெயார் மருந்தில்லை.

வவுனியாவில் உள்ள மாமியிடம் சொல்லி அழுதபோது, குடும்பக் குழுவில் அப்பா போட்டது தன்னுடைய போனில் இன்னும் கிடக்கும் என்று தேடிப் பார்த்தார். இரண்டு கிடைத்தன. ஒன்றில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு எல்லோரும் எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்கிறார், மற்றதில் மழைக்கு வளவுக்குள் தண்ணி ஏறியதைச் சொல்கிறார். எனக்கு மட்டும் அனுப்பியவை ஒன்றும் திரும்பவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்தால் குழுவில் உள்ள மற்றவர்களின் போன்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் அழித்துவிடுவதற்கு முன்.

ஆறாம் நாள் கிளிநொச்சிக்குப் போனேன். போய்வர பஸ்ஸுக்கு 250 ரூபா. இரண்டாவது கடையில், சோதித்துப் பார்க்க 500 என்று முதலிலேயே வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் வரச் சொன்னார்கள். போனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாள் இன்னொரு 250. "மெயின் போர்ட் போயிட்டுது, 14,000 ஆகும், இதுக்குச் செலவழிக்கிறதை விடப் புதுசு எடுங்கோ, தவணைக்கும் தரலாம்" என்றார்கள். புதிய போன்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. களைப்பில் தலையாட்டியிருப்பேன். தவணைக்கு ஒருவர் பிணை வேண்டும் என்றதால் மட்டும் வெளியே வந்தேன். வழியில் 650 ரூபாவுக்கு ஒரு ஹாண்ட்ஸ்ஃப்ரீ வாங்கினேன், குறைந்தது வாடிக்கைக்காரரோடு கதைக்கலாமே என்று. அதைக் குத்தி மகளுக்கு எடுத்தபோது, "அம்மா, இப்ப கேக்குது!" என்று அவள் கத்தினாள். ஏழு நாளுக்குப் பிறகு என் குரல் ஒருவருக்குப் போனது. ரோட்டோரத்தில் நின்றபடி கொஞ்ச நேரம் வாய் வராமல் இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் படிக்கிற அவள்தான் அடுத்ததைச் சொன்னாள். ஹாண்ட்ஸ்ஃப்ரீயில் குரல் போகிறது, ஸ்பீக்கரிலும் போகிறது என்றால், குரலை வாங்கி அனுப்புகிற பகுதி மெயின் போர்ட்டில், அதாவது போனின் முக்கியப் பலகையில், வேலை செய்கிறது. அப்படியானால் கீழ் மைக்கும் அதற்குப் போகிற தொடுப்பும்தான் பிழையாக இருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், மைக் போனால் கடைக்குப் போக முதல் ஒரு ஹாண்ட்ஸ்ஃப்ரீயைக் குத்திப் பாருங்கள். வாங்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம். குத்துகிற முனையில் கறுப்பு வளையம் மூன்று இருக்க வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் அது வெறும் பாட்டுக் கேட்கிறது, அதில் மைக் இல்லை. குரல் போனால், திருத்தும் வரைக்கும் அதை வைத்தே வேலையைப் பார்க்கலாம், அவசரப்பட்டுப் புதுப் போனில் விழ வேண்டாம். நான் ஸ்பீக்கரில் போட்டும் சில அழைப்புகள் கதைத்தேன். ஆனால் பெண்கள் உடம்பு அளவு சொல்கிற தொழிலில், விறாந்தையில் நாலு பேர் இருக்க அது சரிவராது.

பதின்மூன்றாம் நாள், கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திப் பக்கம் ஒரு சின்னக் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பெரிய பூதக்கண்ணாடி. அங்கே இருந்த ஐயா போனை வாங்க முதல் கேட்டது, "எப்படி விழுந்தது, எந்தப் பக்கம்?" என்று. மற்ற இரண்டு இடத்திலும் ஒருவரும் கேட்கவில்லை. ரெக்கோடர், ஸ்பீக்கர், வீடியோ என்று தானே சோதித்துவிட்டு, "பிள்ளை, கீழ் மைக். திறந்து காட்டுறன், பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றார். என் கண் முன்னாலேயே பின் மூடியைச் சூடாக்கிக் கழற்றினார். கீழே, சார்ஜர் துளையோடு சேர்ந்து, ஒரு தனிச் சின்னப் பலகை இருந்தது. சப் போர்ட் என்றார். அதில்தான் மைக் ஒட்டியிருந்தது, ஒரு உளுந்து அளவு, வெள்ளி நிறப் பெட்டி. அங்கிருந்து ஒரு ரிப்பன் மேலே மெயின் போர்ட்டுக்குப் போகிறது. முதலில் ரிப்பனைக் கழற்றித் திரும்பப் பொருத்திப் பார்த்தார், சில வேளை விழுந்த குலுக்கத்தில் அது மட்டும் கழன்றிருக்கும், அப்படியென்றால் கூலி மட்டும்தான் என்று. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பூதக்கண்ணாடிக்குக் கீழே துளையைப் பிடித்துக் காட்டினார். வலையின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. என் ஊசியின் பருமன்.

விழுந்ததில் மைக் போனதா, நான் ஊசி விட்டதில் போனதா என்று கேட்டேன். வலைக்குப் பின்னால் இருக்கிற ரப்பரும் விலகியிருந்தது, மண் உள்ளே போயிருந்தது, எது முதல் என்று சொல்ல முடியாது என்றார். அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. மைக்கை மட்டும் மாற்றலாம், ஆனால் சார்ஜர் துளையும் ஆடுகிறது, பலகையை மாற்றினால் இரண்டும் சரியாகும், 2,800 என்றார். மாற்றினார். முக்கால் மணித்தியாலம். எல்லாப் போனும் இப்படி இல்லை, சிலவற்றில் கீழ் மைக் மெயின் போர்ட்டிலேயே ஒட்டியிருக்கும், அதற்கு வேலையும் கூட, காசும் கூட என்றும் சொன்னார். ஆகவே "மெயின் போர்ட்" என்று யாராவது சொன்னால், உங்கள் மொடலில் மைக் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். பலகை கொம்பனிச் சாமானா, கொப்பியா என்றும் கேளுங்கள். கொப்பிப் பலகை போட்டால் சில போன்களில் வேகமாகச் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். கடையை விட்டு இறங்க முதல் ஒரு அழைப்பு, ஒரு குரல் பதிவு, சார்ஜரைக் குத்தி ஐந்து நிமிடம், மூன்றையும் பாருங்கள். பின் மூடியைக் கழற்றி ஒட்டிய போனை இனி நனைய விடக் கூடாது, முதல் இருந்த ஒட்டு திரும்ப வராது.

இன்னொன்று, பெண்களுக்காக முக்கியமாகச் சொல்கிறேன். இரண்டாவது கடையில் போனை ஒரு இரவு விட்டுவிட்டு வந்தேன், லொக் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு. படங்கள் ஏற்கெனவே அழிந்து போனதால் மட்டும்தான் அன்று இரவு பயம் இல்லாமல் இருந்தது. சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். கூடியவரை பக்கத்தில் இருந்து திருத்துவியுங்கள். சாம்சுங்கின் புதிய போன்களில் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படங்களோ செய்திகளோ அவர்களுக்குத் தெரியாது, ஆனால் போனைச் சோதிக்கலாம். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ இலக்கத்தை, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள இலக்கத்தை, கொப்பியில் எழுதி வையுங்கள். விட்டுவிட்டு வரத்தான் வேண்டுமென்றால் அந்த இலக்கத்தையும், என்ன பழுது, எவ்வளவு காசு என்பதையும் எழுதிய துண்டு வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். காசை வாங்கிவிட்டுத் துண்டு தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் எடுத்துச் சொல்லலாம். எனக்கு இது பிறகுதான் தெரியும். கையில் துண்டு எதுவும் இல்லாததால் அந்த 1,500 ரூபாவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

கணக்குப் பார்த்தேன். முதல் கடை 1,500, இரண்டாவது 500, ஹாண்ட்ஸ்ஃப்ரீ 650, கடைசியாக 2,800, கிளிநொச்சிக்கு மூன்று தரம் பஸ் 750. எல்லாமாக 6,200 ரூபா. முதலிலேயே அந்த ஐயாவிடம் போயிருந்தால் பஸ்ஸோடு 3,050. போன ஏழு பிளவுஸ்ஸின் 9,100 தனி. அந்தத் தருமபுரத்து அம்மாவிடம் பிறகு நேரில் போனேன். உடைந்த பலகையைக் கையில் கொண்டு போய்க் காட்டினேன். "ஐயோ பிள்ளை, நான் வேறை நினைச்சிட்டன்" என்று தேத்தண்ணி போட்டுத் தந்தார். இரண்டாவது மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு என்னிடம்தான் துணி வந்தது.

போன மாதம் பக்கத்து வளவு மாமி தன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். படியில் விழுந்ததாம், லண்டனில் இருக்கிற மகனுக்குக் குரல் சரியாகப் போகவில்லையாம், பேரன் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறானாம். திண்ணையில் இருத்தி, ரெக்கோடரில் கதைக்கச் சொன்னேன். மங்கலாகக் கேட்டது. விழுந்ததற்குப் பிறகு புதுக் கவர் போட்டீர்களா என்று கேட்டேன். ஓம், சந்தையில் வாங்கினதாம். கழற்றிப் பார்த்தால் அது வேறு மொடலின் கவர், மைக் துளை இருக்கிற இடத்தில் கவரில் துளை இல்லை. கழற்றி வைத்துவிட்டு மகனுக்கு எடுத்தோம். மாமி போனைக் காதில் வைத்து, பழக்கத்தில் உரத்து, "தம்பி, கேக்குதோ?" என்றார். "ஏனம்மா கத்துறியள்?" என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.